சாக்கு, மூடி, மஞ்சள் கேன்: மேற்கு ஆப்பிரிக்கக் கலப்பு ஊடகக் கலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கானா, நைஜீரியா, பெனின், மாலி நாட்டுக் கலைஞர்களின் படைப்புகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சில கேள்விகளுக்கு நாலு வரி போதும், சிலவற்றுக்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும்.

கலப்பு ஊடகம் என்றால் என்ன?

ஒரே படைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருளையும் முறையையும் சேர்ப்பது. பெயின்டோடு துணி, துணியோடு கம்பி, கம்பியோடு பழைய தகரம் என்று எதுவும் வரலாம். பெயர்தான் பெரிது, விஷயம் அவ்வளவுதான்.

குப்பையை எடுத்துக் கலையாக்குகிறார்கள், அதுதானே?

அதிகம் வரும் கேள்வி இது. பாதிதான் சரி. 'மறுசுழற்சிக் கலை' என்று பேர் வைத்துவிட்டால் அதற்குமேல் பார்க்க எதுவும் இல்லை என்று ஆகிவிடுகிறது. இந்தக் கலைஞர்கள் தேடுவது குப்பையை அல்ல, புழங்கிய பொருளை. இரண்டும் வேறு. நேற்று ஆலையிலிருந்து வந்த புதுச் சாக்கும், பத்துக் கை மாறி, கிழிந்து, தைக்கப்பட்டு, கரி படிந்த சாக்கும் தராசில் ஒரே எடை காட்டலாம். ஆனால் இரண்டாவது சாக்கில் பத்துப் பேரின் உழைப்பு தங்கியிருக்கிறது. ஓவியருக்கு வண்ணம் எதுவோ, இவர்களுக்கு அந்தப் புழக்கம் அதுவே. அதனால்தான் கானாக் கலைஞர் இப்ராஹிம் மஹாமா புதுச் சாக்கைக் கொடுத்துப் பழைய சாக்கை வாங்குகிறார். யாராவது குப்பைக்குப் புதுப் பொருளை விலையாகக் கொடுப்பார்களா?

மஹாமாவின் சாக்குகளில் அப்படி என்ன இருக்கிறது?

மஹாமா 1987இல் வடக்கு கானாவின் தமலே நகரில் பிறந்தவர். கானா உலகின் பெரிய கோகோ விளைச்சல் நாடுகளில் ஒன்று. அங்கே கோகோ விதை சணல் சாக்கில்தான் ஏற்றுமதியாகிறது, காற்றுப் போக வேண்டுமே. அந்தச் சாக்குகள் பெரும்பாலும் இந்தியா, வங்காளதேசம் போன்ற ஆசிய நாடுகளில் நெய்யப்பட்டு வருகின்றன. கோகோவுக்குப் பயன்பட்ட பிறகு அதே சாக்கில் அரிசி, சோளம் என்று ஏதாவது கட்டுவார்கள். நைந்துபோனதும் அடுப்புக்கரி வியாபாரியிடம் போகும். கரி மூட்டையானால் சாக்கின் கதை அநேகமாக முடிந்தது.

கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். 'கானா விளைபொருள்' என்று ஆங்கிலத்தில் அடித்த முத்திரை பாதி அழிந்திருக்கும். அதன் மேல் சாக்குக்காரர் யாரோ தன் பெயரை எழுதியிருப்பார். கிழிந்த இடத்தில் வேறு நிறத் துணி ஒட்டுப் போட்டிருக்கும். மூட்டையின் வாயைத் தைத்த நூல் அப்படியே தொங்கும். மஹாமா இதையெல்லாம் சுத்தம் செய்வதில்லை. நூற்றுக்கணக்கான சாக்குகளை ஒன்றாகத் தைத்து ஒரு கட்டடத்தின் மேல் போர்த்திவிடுவார். இத்தாலியில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான வெனிஸ் பினாலேயில், 2015இல், ஆர்செனாலே வளாகத்தின் நீண்ட வெளிவழியில் இரு பக்கச் சுவரையும் இப்படி மூடினார். 2017இல் டாக்குமெண்டா கண்காட்சிக்காக ஜெர்மனியின் காசெல் நகரில் பழைய காவல் கட்டடங்களைப் போர்த்தினார்.

தைப்பவர்களில் பலர் வடக்கிலிருந்து தலைநகர் அக்ரா, குமாசி சந்தைகளுக்குப் பிழைக்க வந்தவர்கள். அந்தச் சந்தைகளில் தலைச்சுமை தூக்கும் பெண்களை 'காயாயேய்' என்பார்கள். 'காயா' ஹவுசா மொழியில் சுமை, மிச்சம் அக்ரா பகுதியின் கா மொழியில் பெண்கள். இரண்டு மொழி சேர்ந்த சொல், அந்தச் சந்தையைப் போலவே. கையில் தன் பெயரையோ உறவினர் பெயரையோ ஊரையோ பச்சை குத்திக்கொள்ளும் வழக்கம் இந்தத் தொழிலாளர்களிடம் உண்டு. வழியில் விபத்தில் போய்விட்டால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று தெரிய வேண்டுமே. மஹாமா அந்தக் கைகளைப் படமெடுத்திருக்கிறார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டுச் சாக்கின் மேல் இருக்கும் பெயரைப் பாருங்கள். வேறு மாதிரித் தெரியும்.

பாட்டில் மூடியில் துணி நெய்பவர் யார்?

எல் அனட்சுயி. 1944இல் இன்றைய கானாவின் அன்யாகோ என்ற ஊரில் பிறந்தார். குமாசியில் படித்தார். 1975இல் நைஜீரியாவின் என்சுக்கா நகரில் உள்ள பல்கலைக்கழகத்துக்குச் சிற்பம் கற்பிக்கப் போனவர், பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தார்.

மூடிக்கு வந்து சேரும்முன் அவர் கடந்த பொருள்களின் பட்டியல்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். முதலில் சந்தைப் பெண்கள் பண்டம் பரப்பி வைக்கும் வட்ட மரத்தட்டு. அதில் சூட்டுக்கோலால் குறிகளைச் சுட்டெழுதினார். அப்புறம் உடைந்த பானை. அப்புறம் மரவள்ளிக் கிழங்கு துருவும் தகரம்: ஆணியால் ஓட்டை ஓட்டையாகக் குத்திச் செய்கிற துருவி, துருப்பிடித்துத் தூக்கிப் போட்டவை. பால் டின் மூடிகளைக் கம்பியால் கோத்தும் செய்திருக்கிறார். எல்லாம் சமையற்கட்டும் சந்தையும்தான்.

1998 வாக்கில் என்சுக்கா அருகே யாரோ போட்டுவிட்டுப் போன ஒரு மூட்டை மூடி அவர் கண்ணில் பட்டது. உள்ளூர்ச் சாராய ஆலைகளின் பாட்டில்களில் வரும் திருகு மூடிகள், மெல்லிய அலுமினியம். கொஞ்ச நாள் அதைச் சும்மாதான் வைத்திருந்தார். பிறகு தட்டித் தட்டையாக்கி, ஓரத்தில் துளையிட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று கட்டிப் பார்த்தபோது அது துணிபோலத் தொங்கியது.

அதை எப்படிச் செய்கிறார்கள்? இயந்திரம் உண்டா?

கிடையாது, எல்லாம் கைவேலை. ஊர்ப் பையன்கள் பலர் உட்கார்ந்து செய்கிறார்கள். ஒரு மூடியிலிருந்தே பல வடிவம் எடுக்கலாம். கழுத்துப் பட்டையை வெட்டி விரித்தால் நீளத் துண்டு. மேல்வட்டம் தனியாகக் காசுபோல வரும். கசக்கி மடித்தால் சதுரம், முறுக்கினால் வளையம். சிவப்பு, பொன், கறுப்பு எல்லாம் சாராயக் கம்பெனிகள் அடித்த நிறம்தான், அவர் பெயின்ட் பூசுவதில்லை. சிறு சிறு தகடுகளாகக் கட்டி, தரையில் பரப்பி, இடம் மாற்றி மாற்றிப் பார்த்துக் கடைசியில் பெரிதாக இணைப்பார்கள்.

கானாவின் 'கென்டே' துணி குறுகிய பட்டைகளாக நெய்து, பிறகு பக்கம் பக்கமாக வைத்துத் தைப்பது. அனட்சுயியின் குடும்பத்திலேயே அதை நெய்தவர்கள் உண்டு. மூடித் துணியைப் பார்த்த பலருக்கும் கென்டே நினைவு வந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் துணியழகோடு நின்றுவிட்டால் மதுவை விட்டுவிடுவோம். ஐரோப்பிய வணிகர்கள் இந்தக் கரைக்குக் கொண்டுவந்த பண்டமாற்றுச் சரக்குகளில் மது முக்கியமானது. சரக்குக்கு மாற்றாக மனிதர்கள் கப்பலேறினார்கள். அவர்கள் அமெரிக்கக் கரும்புத் தோட்டங்களில் உழைத்தார்கள், அந்தக் கரும்பின் பாகிலிருந்து ரம் வடித்தார்கள். பளபளக்கும் அந்தத் தகட்டில் இந்த வட்டமும் இருக்கிறது. அழகையும் இதையும் சேர்த்துப் பார்க்கத்தான் அவர் அவ்வளவு பெரிதாகத் தொங்கவிடுகிறார் என்பது என் எண்ணம்.

இன்னொன்று: இந்தப் படைப்புகளுக்கு நிலையான வடிவம் இல்லை. ஒவ்வொரு இடத்திலும் மாட்டுபவர்கள் தங்கள் விருப்பப்படி மடிப்பு வைத்துக்கொள்ளலாம், அனட்சுயி அதை வேண்டுமென்றே அவர்களிடம் விட்டுவிடுகிறார். 2015இல் வெனிஸ் பினாலே அவருக்கு வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதைக் கொடுத்தது. 2023 அக்டோபரில் லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தின் டர்பைன் ஹாலில் 'சிவப்பு நிலவுக்குப் பின்னால்' என்ற பெரும் படைப்பு தொங்கியது.

மஞ்சள் பிளாஸ்டிக் கேன்களுக்கு ஒரு ஜனாதிபதியின் பெயர் வைத்திருப்பதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். ஜான் குஃபோர் 2001 முதல் 2009 வரை கானாவின் ஜனாதிபதி. அவர் காலத்துத் தண்ணீர்ப் பஞ்சத்தில் அக்ராவில் வீட்டுக்கு வீடு மஞ்சள் கேன் வரிசை கட்டி நின்றது. மக்கள் அதற்கு 'குஃபோர் கேலன்' என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆட்சி போனது, பேர் போகவில்லை. சமையல் எண்ணெய் ஏற்றி வெளிநாட்டிலிருந்து வந்த கேன்கள் அவை. எண்ணெய் தீர்ந்ததும் தண்ணீருக்கு, சில சமயம் பெட்ரோலுக்கு.

அக்ராவின் லபாடி பகுதியில் வாழும் செர்ஜ் அட்டுக்வேய் க்ளொட்டி, 1985இல் பிறந்தவர், இந்தக் கேன்களைச் சதுரத் துண்டாக வெட்டி, துளையிட்டு, கம்பியால் இணைத்துப் பெரும் விரிப்புகள் செய்கிறார். தன் முறைக்கு 'ஆஃப்ரோகேலனிசம்' என்று அவரே பேர் வைத்திருக்கிறார். கொஞ்சம் கேலி, கொஞ்சம் கம்பீரம். தன் பகுதித் தெருக்களில் அந்த மஞ்சள் விரிப்பைப் பாதைபோலப் போட்டிருக்கிறார். அவர் குடும்பம் அந்தப் பகுதிக்கு வந்து குடியேறியது, அங்கே நிலம் யாருக்குச் சொந்தம் என்ற பழைய தகராறுகள் எல்லாம் அந்தப் பாதையில் அடக்கம். 2021இல் கலிபோர்னியாப் பாலைவனத்தில் நடந்த டெசர்ட் எக்ஸ் கண்காட்சியில் இதே கேன் துண்டுகளால் மூடிய பெரிய பெட்டிகளை வைத்தார். பாலைவனத்தில் தண்ணீர்க் கேன்! அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கேனை முகமூடியாக்குபவர் இவரா?

இல்லை, அவர் பெனின் நாட்டுக்காரர். போர்ட்டோ நோவோவில் 1962இல் பிறந்த ரோமுவால்ட் அசுமே. கேனின் கைப்பிடி மூக்கு, ஊற்றும் வாய் திறந்த வாய், இரண்டு ஓட்டை போட்டால் கண். பார்த்ததும் சிரிப்பு வரும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், ஏனென்றால் அந்தக் கேன்கள் வேறு வேலை பார்த்தவை. நைஜீரியாவில் மலிவாக வாங்கிய பெட்ரோலைத் திருட்டுத்தனமாக எல்லை கடத்தி பெனின் தெருவோரங்களில் விற்று வந்தார்கள். கடத்துபவர்கள் மோட்டார் சைக்கிளைச் சுற்றிக் கேன் கேனாகக் கட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். ஒரு பொறி போதும். கூடுதலாக லிட்டர் பிடிக்க வேண்டும் என்று கேனைத் தீயில் காட்டி ஊதிப் பெருக்க வைப்பதும் உண்டு. அளவு மீறினால் வெடிக்கும்.

304 கேன் முகமூடிகளைத் தரையில் அடுக்கி 'லா பூஷ் டு ருவா' என்ற படைப்பைச் செய்தார். 1997 முதல் 2005 வரை வளர்ந்தது. பெனின் கரையில் அடிமைகள் கப்பலேற்றப்பட்ட ஓர் இடத்தின் பெயர் அது. அடுக்கிய விதம் 'ப்ரூக்ஸ்' என்ற அடிமைக் கப்பலின் வரைபடத்தைப் போன்றது, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சாகி இங்கிலாந்தை உலுக்கிய படம் அது. வாசனைக்கு மசாலாப் பொருள்கள், முணுமுணுக்கும் குரல்கள், பெட்ரோல் கடத்துபவர்களின் வீடியோ எல்லாம் சேர்ந்தது அந்தப் படைப்பு. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் அதை வாங்கி 2007இல் காட்டியது. மேற்குலகின் குப்பையைத்தான் முகமூடியாக்கி மேற்குலகுக்கே திருப்பி அனுப்புவதாக அசுமே சொல்வது வழக்கம்.

இப்படிக் கலப்பது அவர்கள் மேற்கிலிருந்து கற்றதா?

கேள்வியே தலைகீழ். நைஜீரியா, பெனின் பகுதியின் யொருபா மக்களின் 'எகுங்குன்' ஆட்ட உடையைப் பாருங்கள். முன்னோர் இறங்கி வந்து ஆடுவதாக நம்பப்படும் அந்த உடையில் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகப் புதுத் துணிகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். உள்ளூர் நெசவு, வெளிநாட்டுப் பட்டு, வெல்வெட், கண்ணாடி, சோழி என்று எல்லாம் அதில் இருக்கும். மாலியின் வேட்டைக்காரர் சட்டையில் தோல் தாயத்து, கொம்பு, நகம் தொங்கும். மாலிக் கலைஞர் அப்துலாயே கொனாத்தே 1994இல் அந்த வேட்டைக்காரர்களுக்கு வணக்கமாக ஒரு பெரிய துணிப் படைப்பைச் செய்து, 1996இல் செனகல் நாட்டின் டக்கார் பினாலேயில் பெரும் பரிசு வாங்கினார். கலப்பு அவர்கள் வீட்டுப் பழக்கம். அருங்காட்சியகம் பேர் வைத்தது பின்னால்தான்.

ஓவியமாக வரைபவர்கள் யாரும் இல்லையா?

நிறையப் பேர். இருவரைச் சொல்கிறேன். ஐவரி கோஸ்ட்டின் ஃப்ரெடரிக் ப்ரூலி பூவாப்ரே, 2014இல் மறைந்தவர். கூந்தல் சவுரி விற்கும் அட்டையின் பின்பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவாலும் கலர் பென்சிலாலும் தபால் அட்டை அளவில் வரைந்துகொண்டே இருந்தார். தன் பேத்தே மொழிக்கு நானூறுக்கும் மேற்பட்ட பட எழுத்துகளை உருவாக்கியவரும் அவரே.

இன்னொருவர் 1983இல் நைஜீரியாவின் எனுகுவில் பிறந்து லாஸ் ஏஞ்சல்ஸில் வாழும் இன்ஜிடெக்கா அகுன்யிலி கிராஸ்பி. தூரத்திலிருந்து பார்த்தால் அமைதியான ஒரு வீட்டு அறை, மேசை, உட்கார்ந்திருக்கும் பெண். கிட்டப் போனால் சுவரும் தரையும் உடையும் சின்னச் சின்னப் படங்களால் ஆனவை: குடும்பக் கல்யாணம், நைஜீரியப் பத்திரிகை, பாப் பாடகர்கள். நகல் எடுத்த படத்தை அசிட்டோனில் நனைத்துத் தாளுக்கு மாற்றும் முறை. படம் மங்கலாகத்தான் பதியும். ஊரை விட்டு வந்தவருக்கு ஊர் அப்படித்தானே நினைவில் இருக்கும்.

தமிழ்நாட்டோடு ஏதாவது தொடர்பு?

ஒன்று உண்டு, நேரானது. நைஜர் ஆற்று முகத்துவாரத் தீவுகளில் வாழும் கலபாரி மக்கள், சென்னை வழியாகப் போன கைத்தறிக் கட்டத் துணியை நீண்ட காலமாகத் தங்கள் துணியாகவே வைத்திருக்கிறார்கள். வணிகத்தில் அதன் பெயர் 'ரியல் மெட்ராஸ் கைக்குட்டை'. கலபாரியில் 'இன்ஜிரி'. பிறப்பு, பெண்களின் சடங்கு, சாவு எல்லாவற்றிலும் அதற்கு இடம் உண்டு. பெரியவர்கள் இறந்தால் குடும்பம் சேர்த்து வைத்த துணிகளால் அறையையும் கட்டிலையும் அலங்கரிப்பார்கள்.

அதை அப்படியே உடுத்துவதோடு நிற்பதில்லை. கலபாரிப் பெண்கள் பிளேடால் துணியின் சில நூல்களை மட்டும் நறுக்கி, ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். கட்டத்துக்குள் புதுக் கோலம் பிறக்கும், துணி வலைபோல மெலியும். அதன் பெயர் 'பெலெட்டே பிட்டே', வெட்டுநூல் துணி. நம் பக்கத்து நெசவாளி போட்ட நூலை அவர்கள் எடுக்கிறார்கள், எடுத்த பிறகுதான் அது கலபாரித் துணி. சேர்த்துச் செய்யும் கலைகளுக்கு நடுவில் கழித்துச் செய்யும் இந்தக் கலையை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. இரும்பிலும் எண்ணெய்ப் பீப்பாயிலும் சிற்பம் செய்யும் சொகாரி டக்ளஸ் கேம்பும் இதே கலபாரிப் பகுதிக்காரர்தான், 1958இல் புகுமாவில் பிறந்தவர்.

ஏழ்மையை அழகாக்கிப் பணக்காரர்களுக்கு விற்பதாகாதா?

ஆகலாம். இந்தச் சந்தேகத்தைக் கேட்பவர் மேல் கோபப்படத் தேவையில்லை. லண்டன் மண்டபத்தில் தொங்கும் சாக்கைத் தைத்த கைக்கு என்ன கிடைத்தது என்று கேட்கத்தான் வேண்டும். மஹாமா விஷயத்தில் பதில் கொஞ்சம் கண்ணுக்குத் தெரிகிறது. விற்ற பணத்தைக் கொண்டுபோய் 2019இல் தமலேயில் சவானா சமகாலக் கலை மையத்தைத் திறந்தார். பக்கத்திலேயே ரெட் கிளே என்ற பெரும் வளாகம், செங்கல் கட்டடம். ஓடாத பழைய விமானங்களை வாங்கி அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார், பள்ளிப் பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். எல்லாக் கலைஞரும் இப்படி என்று சொல்ல வரவில்லை.

எங்கே பார்க்கலாம்?

தமலேயில் மேலே சொன்ன இரண்டு இடங்கள். நைஜீரியாவின் லாகோஸில் நைக்கே டேவிஸ் ஒகுண்டாயே நடத்தும் நைக்கே ஆர்ட் கேலரி. அவர் 'அடிரே' என்ற அவுரிச் சாயத் துணியில் கைதேர்ந்தவர், மரவள்ளிக் கஞ்சியை இறகால் தீட்டி, சாயத்தில் முக்கி எடுக்கும் முறை. டக்காரில் பினாலே சமயம் ஊரே கண்காட்சியாகிவிடும். அக்ராவில், 2011இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கிய 'சாலே வோட்டே' தெருக்கலை விழா. லண்டன் போகிறவர்களுக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆப்பிரிக்கப் பகுதி.

வீட்டில் முயன்று பார்க்கலாமா?

தாராளமாக. மூடி வேலையை நான் ஒருமுறை முயன்றேன். பழைய பேப்பர் கடையில் ஒரு பை மூடி வாங்கி, சுத்தியலால் தட்டி, ஆணியால் துளைத்து, கம்பி கோத்தேன். ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து இரண்டு உள்ளங்கை அளவு வந்தது, மூன்று விரலில் பிளாஸ்திரி. சுவரளவு துணிக்கு எத்தனை பேர், எத்தனை நாள் என்பது அப்போதுதான் உறைத்தது. அலுமினிய விளிம்பு பிளேடு மாதிரி, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

படம் மாற்றும் முறை சுலபம். ஜெராக்ஸ் அல்லது லேசர் பிரிண்ட் எடுத்த படத்தைத் தாளில் கவிழ்த்து வைத்து, பின்பக்கம் அசிட்டோன் தடவி, கரண்டியின் முதுகால் தேய்த்தால் மை இறங்கும். இன்க்ஜெட் பிரிண்ட் இதற்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அனட்சுயி மூடி எடுத்தார் என்று நீங்களும் மூடிக்கே போக வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அதிகம் கை பட்ட பொருள் எது என்று தேடுங்கள்.

இதெல்லாம் நீடிக்குமா? பூச்சி அரிக்காதா?

அலுமினியம் நிற்கும். சணல் ஈரத்தில் நைந்துவிடும், பூச்சியும் வரும், பாதுகாப்பவர்களுக்குத் தலைவலிதான். மழையிலும் வெயிலிலும் கட்டடத்தின் மேல் கிடந்த சாக்கு கிழிந்தால் மஹாமா அதையும் தூக்கிப் போடுவதில்லை. கிழிசலைத் தைத்து அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோகிறார்.